எங்கள் சந்தேகங்களையும் கேளுங்கள்: குமரி மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித்துறை அலுவலர்களுக்கும், உதவிபெறும் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் வணக்கம்.

கல்குளம் வட்டத்தில் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான பயிற்சிகளை நீங்கள் திட்டமிடும் நேரம் என்பதால் இதை இப்போது எழுதுகிறேன். ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், மணற்கேணி என்ற பாடக் காணொளிச் செயலி, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று பயிற்சியின் தலைப்பு மாறிக்கொண்டே வருகிறது. உள்ளே நடப்பது மட்டும் மாறவில்லை. ஒருவர் முன்னால் நின்று எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறார். நாங்கள் குறிப்பெடுக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறோம். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள், அந்த நம்பிக்கையோடு இந்தக் கருவி எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று அந்த அறையில் யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

அதைக் கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கேட்டு, வரும் பதிலை வைத்துப் பயிற்சியைத் திட்டமிடுங்கள்.

கருவிகள் வரவில்லை என்ற குறையோடு நான் வரவில்லை. 2018-19இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு இருந்தது. அதையொட்டி மாநிலம் முழுக்க 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் மணற்கேணி. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அரசின் லேப் கிடைக்காத பள்ளிகள் பலவற்றில் முன்னாள் மாணவர்களோ, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களோ ஒரு புரொஜக்டராவது வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கரண்ட், நெட்வொர்க், பழுதுபார்க்க ஆள் ஆகியவற்றைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் இது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் அன்றைக்கு ஸ்மார்ட் வகுப்பு கிடையாது. சரி, அது ஒருபுறம் இருக்கட்டும். கரண்டும் நெட்டும் ஒழுங்காக வரும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பள்ளிகளிலும் போர்டு பல நாள் துணிபோட்டு மூடித்தான் இருக்கிறது. அந்தப் பள்ளிகளுக்கு வெறும் வசதிக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெக்கி எர்ட்மர் 1999இல் இந்தத் தடைகளை இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவி செய்ய ஆள் ஆகியவை ஆசிரியருக்கு வெளியே இருப்பவை. கற்பித்தல் என்றால் என்ன, நல்ல வகுப்பு எப்படி இருக்கும், இந்தப் பிள்ளைகளால் எது முடியும் என்று ஆசிரியர் மனதில் ஊறிப்போன எண்ணங்கள் உள்ளே இருப்பவை. வெளியே இருப்பதைப் பணம் போட்டுப் பெருமளவு சரிசெய்யலாம். உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டால் வாங்கிய பொருள் அலமாரிக்குப் போய்விடும். இதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் எண்ணங்கள் எல்லாவற்றையும் தடை என்ற ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள். பலவற்றுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வகுப்பில் நின்ற அனுபவம் இருக்கிறது, நியாயமான பயமும் இருக்கிறது.

மதிய இடைவேளையில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தால் இவையெல்லாம் காதில் விழும். “எழுதினாத்தான் மனசுல நிக்கும்.” “வீடியோ போட்டா பிள்ளைங்க பார்க்கும், படிக்காது.” “சத்தம் வந்தா ஹெச்.எம். எட்டிப் பார்ப்பாரு.” “போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல, இதுல போர்டை ஆன் பண்ணி, ஒயர் மாட்டி...” “என் பாடத்துக்கு இது தேவைப்படாது, சயின்ஸ்காரங்களுக்குச் சரி.” இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஜனவரிக்கு அப்புறம் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு எடுப்பவர்கள், தேர்வுக்கு முந்தைய நாள் இரவு பிள்ளையின் வீட்டுக்கு போன் போட்டு “மக்களே, படிச்சியா?” என்று கேட்பவர்கள் இவர்கள்தான்.

அவர்கள் ஏன் அப்படி நம்புகிறார்கள் என்பதில் நம் மாவட்டத்துக்கு என்று ஒரு பங்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷனரிப் பள்ளிகள் வேர்விட்ட மண் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியிலும் முன்வரிசையில் நிற்கிறோம். இந்தப் பெருமையை ஆசிரியர்கள் தலையில்தான் சுமக்கிறார்கள். ஒரு பாடத்தில் நாலைந்து பேர் தவறிவிட்டால் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியவர் அந்தப் பாட ஆசிரியர். இந்த நிலையில் இருப்பவர், பல ஆண்டு தேர்ச்சி தந்த முறையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை முயல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அது பலிக்காமல் போனால் அவருக்குத் துணையாக யார் நிற்பார்கள்? பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை.

ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். கணக்கு வராத பல பிள்ளைகளைத் தேற வைப்பது இந்த 16 மதிப்பெண்தான். அட்டவணை போட வேண்டும், அளவுத்திட்டம் எழுத வேண்டும், புள்ளிகளைக் குறித்து வளைவரையை ஒரே இழுப்பில் வரைய வேண்டும், தீர்வை எழுத வேண்டும். கையால் திரும்பத் திரும்பச் செய்யாமல் இது வராது. அதே பாடநூலில் ஜியோஜீப்ராவில் செய்து பார்க்க இணையச் செயல்பாடு என்ற பகுதியும் இருக்கிறது. 2001இல் ஆஸ்திரியாவில் உருவான, பள்ளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் கணித மென்பொருள் ஜியோஜீப்ரா.

எனக்குத் தெரிந்த ஒரு மூத்த கணித ஆசிரியர் அந்தப் பகுதியைத் திறப்பதே இல்லை. காரணம் கேட்டேன். “கம்ப்யூட்டரே வளைவரை போட்டுத் தந்திருச்சுன்னா பய எப்போ போடுவான்? பரீட்சை ஹாலில் அவன் கையில பென்சில்தானே இருக்கும்?” என்றார். இதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்குப் பிள்ளையைத் தயார் செய்வது அவர் கடமை. பயிற்சிக்கு வந்தவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவரோ மென்பொருளைத் தரவிறக்குவது எப்படி என்று காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கையால்தான். கிராஃப் தாளில் சில வரைபடங்கள் போட்டு, பிள்ளைகளுக்குக் கை பழகிய பிறகுதான் திரையை ஆன் செய்வேன். ஜியோஜீப்ராவில் வர்க்க உறுப்பின் கெழுவை, அதாவது x²-க்கு முன்னால் நிற்கும் எண்ணை, திரையில் இழுத்து மாற்றும் ஒரு நகர்த்தியில் வைத்துவிட்டு, அதைத் தொடுவதற்கு முன்னால் கேட்பேன்: “மக்களே, இந்த ஒன்றை மூன்றாக்கினால் வளைவரை விரியுமா, ஒடுங்குமா? நோட்டில் வரைந்து காட்டுங்க.” எல்லோரும் வரைந்து முடிக்கும்வரை நகர்த்த மாட்டேன். எண் பெரிதானால் படமும் அகலமாகும் என்று நினைத்து நிறையப் பேர் விரித்து வரைந்திருப்பார்கள். திரையில் அது ஒடுங்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ஏன் ஒடுங்குகிறது என்று அவர்களுக்குள்ளேயே பேசுவார்கள். யாராவது ஒருவர் அட்டவணையைத் திரும்பப் போட்டுப் பார்த்து, “சார், ஒவ்வொரு புள்ளியும் மூணு மடங்கு மேலே போகுது, அதான்” என்பார்.

கெழுவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் பரவளையம் நேர்கோடாகிவிடும். பூச்சியத்துக்குக் கீழே போனால் கவிழ்ந்துவிடும். அப்புறம் கெழுவைப் பழையபடி ஒன்றாக்கிவிட்டு, மாறிலியை, அதாவது x சேராத எண்ணை, எடுத்து ஏற்றிக்கொண்டே போவேன். ஒரு கட்டத்தில் பரவளையம் கிடைமட்ட அச்சைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், பிறகு மேலே எழும்பிவிடும். “இப்போ தீர்வு எங்கே?” என்று கேட்டால், “இல்ல சார், வெட்டவே இல்லையே” என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வரும். தன்மைக்காட்டி (b² − 4ac) பூச்சியத்தைவிடக் குறைவு என்றால் மெய்யெண் தீர்வு கிடையாது என்று அவர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக எழுதிய வரிதான் அது. அதன் பொருளை அன்றைக்குக் கண்ணால் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு பாடவேளை முழுதும் தேவைப்படாது, கால் மணி நேரம் போதும். கைப்பழக்கமும் கெடாது.

அந்த மூத்த ஆசிரியர் ஒரு நாள் என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து இதைப் பார்த்தார். நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, வடிவொத்த முக்கோணங்களுக்கு அவரே தன் வகுப்பில் ஜியோஜீப்ராவைத் திறந்தார். கையால் வரையாமல் வராது என்றுதான் இன்றும் சொல்கிறார். வரைந்த பிறகு திரையில் காட்டினால் பிள்ளைகளிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகள் கிடைக்கின்றன என்றும் இப்போது சேர்த்துச் சொல்கிறார். அவருடைய பழைய நம்பிக்கையை யாரும் பிடுங்கிப் போடவில்லை. அது அவரிடமே இருக்க, பக்கத்தில் புதியது ஒன்று முளைத்தது.

தாமஸ் கஸ்கி என்ற ஆய்வாளர் 1986இல் எழுதியதும் இதைத்தான். பயிற்சி ஆசிரியரின் மனதை மாற்றும், மனம் மாறியவர் வகுப்பை மாற்றுவார், அப்புறம் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பதுதான் நாம் வழக்கமாகப் போடும் கணக்கு. கஸ்கி இந்த வரிசையை மாற்றினார். ஆசிரியர் முதலில் தன் வகுப்பில் சிறிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார், பிள்ளைகளிடம் அதன் பலனைத் தன் கண்ணால் காண்கிறார், நம்பிக்கை அதற்குப் பிறகுதான் நகர்கிறது என்றார். நம் பயிற்சிகள் முதல் படியிலேயே எங்களை நம்பவைக்கப் பார்க்கின்றன. அதனால்தான் அரங்கில் தலையாட்டிவிட்டு வகுப்பில் பழையபடியே நடத்துகிறோம்.

கொரோனா காலத்தில் இதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வந்தது 2021 ஜனவரி 19 அன்று. இடைப்பட்ட மாதங்களில் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பத் தெரியாமல் இருந்தவர்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். யாரும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை, தேவை வந்தது, செய்தார்கள். ஆனால் அந்தக் காலம் விட்டுச்சென்ற நம்பிக்கை இரண்டு விதமானது. பேச்சால் விளக்கி அனுப்பினால் பிள்ளை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறது என்று சிலர் கண்டுகொண்டார்கள். இன்னும் பலருக்கு, திரை என்றாலே பிள்ளைகளின் முகம் தெரியாத வகுப்பு, யார் இருக்கிறார் யார் போய்விட்டார் என்று தெரியாத வகுப்பு என்ற கசப்பு தங்கிவிட்டது. வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வள்ளத்துக்கோ ரப்பர் பால்வெட்டுக்கோ கொண்டுபோய்விடுவார் என்று இருந்த பிள்ளைகள் கைவிட்டுப்போனதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். தொழில்நுட்பம் எல்லோரையும் ஒன்றுபோலச் சேரும் என்று மேடையில் யாராவது சொன்னால் அவர்களால் எப்படி நம்ப முடியும்? இந்த அனுபவத்தைப் பேசவிடாமல் அடுத்த செயலியை அறிமுகம் செய்வதில் பயன் இல்லை.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மூத்தவர்கள் ஓய்வுபெற்றால் எல்லாம் சரியாகிவிடும், இளைஞர்களுக்குத் தொழில்நுட்பம் கைவந்த கலை என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போனில் எதையும் செய்யத் தெரிந்த இளம் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதைப் பார்க்கிறோம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் அதே நோட்ஸைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவார், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். டேன் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975லேயே இதற்கு விளக்கம் தந்தார். ஆசிரியராக வருபவர் பி.எட். படிப்பதற்கு முன்னாலேயே பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மாணவராக உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் கற்பித்தலைப் பார்த்துவிட்டார். வகுப்பில் தனியாக நிற்கும்போது கைகொடுப்பது அந்தப் பழைய நினைவுதான். நம் மாவட்டத்தின் இளம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதே மாவட்டத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தது எங்களைத்தான். எனவே பயிற்சியை வயது பார்த்துப் பிரிக்காதீர்கள். போனில் வல்ல இளையவரையும் வகுப்பில் வல்ல மூத்தவரையும் ஒரு பாடத்துக்கு ஜோடியாகப் போடுங்கள்.

இன்னொரு பயம் யாரும் வெளியே சொல்லாதது. கருவி மக்கர் செய்து, நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒன்றும் தெரியாமல் நிற்க வேண்டி வருமோ என்ற பயம். ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஊறியவர்களுக்கு இது பெரிய அவமானம். பிள்ளைகளிடம் இருக்கும் அறிவை வகுப்புக்குள் வரவிடுவதுதான் இதற்கு மருந்து என்று நினைக்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டில் ஆழ்கடலுக்குப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சில் தினமும் வருபவை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்ததற்குப் பிறகு காற்றின் போக்கைப் போனில் பார்க்காமல் கடலில் இறங்காத குடும்பங்கள் அங்கே உண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் வைத்து அப்பா வலைபோட்ட இடத்தைக் குறிக்கத் தெரிந்த பையனுக்கு ஆயத்தொலை வடிவியலை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அவன் விளக்கும்போது ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு மதிப்பு குறையாது. ஆனால் இதை ஒருவருக்குச் சொல்லி ஏற்கவைக்க முடியாது. வகுப்பில் அப்படி ஒரு நாளைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

பெற்றோர்களின் நம்பிக்கையும் இதில் சேர்ந்திருக்கிறது. நோட்டில் பக்கம் நிரம்பினால்தான் பாடம் நடந்தது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. “சார் படம் போட்டுட்டுச் சும்மா இருக்காராம்” என்று பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரே ஒருவர் சொன்னால் போதும், அந்த ஆண்டு அந்தப் புரொஜக்டர் திறக்காது. பெற்றோரை வருடத்தில் ஒரு முறையாவது வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடப்பதைக் காட்டலாம். தாளாளர்கள் நினைத்தால் இது எளிது.

அடுத்தது, புகைப்படம். ஸ்மார்ட் வகுப்பு நடந்ததற்குப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடச் சொல்வது சில இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. போட்டவர் பெயருக்கு நேரே டிக், போடாதவருக்கு நினைவூட்டல். அதனால் என்ன நடக்கிறது என்றால், பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு, போர்டை ஆன் செய்து, பிள்ளைகளை நேராக உட்காரச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, அணைத்துவிட்டுப் பழையபடி தொடர்கிறார்கள். எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதற்கே பாடவேளை போய்க்கொண்டிருக்கும்போது இது இன்னொரு சுமை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கருவி என்பது மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வந்த பொருள் என்று ஆசிரியர் மனதில் பதிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை எந்தப் பயிற்சியாலும் எளிதில் எடுக்க முடியாது. தயவுசெய்து இந்தப் படங்களை நிறுத்துங்கள்.

இருப்புப் பதிவேட்டையும் சொல்லிவிடுகிறேன். கருவி உடைந்தால் யார் பொறுப்பு, தணிக்கையில் என்ன பதில் சொல்வது என்ற கவலையில் பல தலைமையாசிரியர்கள் அதைப் பூட்டி வைக்கிறார்கள். பாடம் நடத்தும்போது பழுதானால் அது சாதாரணத் தேய்மானம், யாரிடமும் வசூலிக்கப்படாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வந்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நாம், இந்த விஷயத்தில் அவர்கள் செய்ததைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. அங்கே பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் 2001இல் தொடங்கியது. இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக அது நடக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கையில் எடுத்ததை எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பயிற்றுநர்களைப் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே எடுத்தார்கள். கணித ஆசிரியருக்குக் கணித வகுப்பில் நின்றவர் சொல்கிறார், “என் வகுப்பில் இது இப்படி முடிந்தது, அங்கே இது சரிவரவில்லை” என்று. 2018இல் பிள்ளைகளுக்கும் லிட்டில் கைட்ஸ் என்று மன்றங்களைத் தொடங்கினார்கள். வகுப்பில் கருவி நின்றுபோனால் எழுந்துவர அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் செய்ய நமக்குப் பெரிய நிதி தேவையில்லை.

அடுத்த ஆண்டுக்கு நான் கேட்பதைச் சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும், எந்தப் பயிற்சிக்கும் முன்னால், ஆசிரியர்களிடம் பாடவாரியாக ஒரு தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். கையெழுத்துப் போட்டுத் தரும் தாளில் எல்லோரும் “மிகவும் பயனுள்ளது” என்றுதான் எழுதுவார்கள். உங்கள் பாடத்தில் எந்த இடம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகிறது, திரையில் காட்டினால் அங்கே உதவும் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றால் ஏன் என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலில் பாதி பயிற்சிக்கானதாக இருக்காது. பாடவேளை, தேர்வு, ஒயர், சாவி என்று இருக்கும். அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.

பிறகு, அரங்கப் பயிற்சி நாட்களில் ஒரு பகுதியை எடுத்துப் பக்கத்துப் பள்ளியில் வகுப்பு பார்க்கும் நாளாக மாற்றுங்கள். ஒரே பாட ஆசிரியர்கள் நான்கைந்து பேர் போய் ஒரு பாடவேளை பார்க்கட்டும், முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துப் பேசட்டும். மதிப்பெண் போடும் ஆய்வாக அது ஆகிவிடக் கூடாது. மலைப்பக்கப் பள்ளி ஆசிரியர்களை நகரப் பள்ளிக்கு மட்டும் அனுப்பாதீர்கள், நகரத்தாரையும் அங்கே அனுப்புங்கள். கரண்ட் இல்லாத நாளில் ஒரு ஆசிரியர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் கற்க வேண்டிய விஷயம். விளவங்கோடு பக்கம் மலையாள வழிப் பிரிவில் நடத்துபவர்களை மறந்துவிட வேண்டாம். வேறு மொழியில் ஓடும் காணொளியை நிறுத்தி நிறுத்தித் தன் பிள்ளைகளின் மொழியில் சொல்லத் தெரிந்தவரிடம் எங்கள் எல்லோருக்கும் படிக்க நிறைய இருக்கிறது.

பொதுத்தேர்வு வினாத்தாளை மாவட்டத்தால் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அலகுத் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. ‘கெழுவை எதிர்மறையாக்கினால் வரைபடம் எப்படி மாறும், ஏன்?’ என்ற மாதிரிக் கேள்வி ஒன்றாவது அதில் வரட்டும். தேர்வு கேட்காததைக் காட்டி என்ன பயன் என்று சொல்பவருக்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

எங்கள் சந்தேகங்களில் சில சரியாகவே இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வியில் கணினிக்காகப் பெருமளவு செலவழித்த நாடுகளின் பிள்ளைகள் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடும்படி முன்னேறவில்லை என்று வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2015இல் தன் பன்னாட்டுத் தேர்வு முடிவுகளை வைத்துச் சொன்னது. ஸ்வீடன் 2023இல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்கத் திரும்பவும் பணம் ஒதுக்கியது. இதனால் போர்டைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என் வகுப்பில் கழற்ற விடவும் மாட்டேன். ஆனால் “எழுதினாத்தான் நிக்கும்” என்று சொல்லும் ஆசிரியரைப் பின்தங்கியவர் என்று பார்க்கும் பார்வை மாற வேண்டும். எந்தப் பாடத்தில் திரையை ஆன் செய்ய வேண்டும், எதில் அணைத்து வைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இருக்கட்டும். அணைத்து வைத்ததற்கு அவரிடம் காரணம் கேளுங்கள், விளக்கக் கடிதம் கேட்காதீர்கள்.

வகுப்பு பார்க்கும் நாட்களைத் தொடங்குவதாக இருந்தால், தலைமையாசிரியரின் அனுமதியோடு என் பத்தாம் வகுப்பைத் திறந்து வைக்கத் தயாராக இருக்கிறேன். வரைபடப் பாடம் நடக்கும் வாரத்தை முன்கூட்டியே தெரிவிக்கிறேன். ஆசிரியர்களோடு நீங்களும் வாருங்கள். ஆய்வுப் படிவம் வேண்டாம். ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும், பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் வரையலாம்.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.